நடுவில் படுத்திருந்தவள்

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாக்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் நாக்கு நீளம், ஆனால் ஒருத்தியோடு ஒருத்தி பேசுவதில்லை. மூத்தவள் பிரசவம் பார்ப்பவள், இளையவள் மயக்க மருந்து கொடுப்பவள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓரகத்திகள். மாமனார் கட்டிய ஆஸ்பத்திரி; மாடியிலேயே வீடு. கீழே ஒரே ஆபரேஷன் தியேட்டர், மேலே ஒரே சமையலறை. பேசாமல் இருப்பதற்கு இதைவிடத் தோதில்லாத ஏற்பாடு எங்கும் கிடையாது. ஆனாலும் வருஷக்கணக்காக அதை வெற்றிகரமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். படித்தவர்களுக்கு வீம்பு வந்தால் அதையும் முறையாகச் செய்வார்கள்.

சண்டை ஒன்றும் சொத்துக்காக வந்ததில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், விருந்தாளிகள் முன்னால், மூத்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இவ வேலை நோகாத வேலை. ஒரு ஊசியைக் குத்திட்டு ஸ்டூல்ல உட்கார்ந்து போன் பாத்தா போதும்." இளையவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "அக்காவுக்குக் கைராசின்னு ஊர்ல பேரு. அந்த ராசி கையில இல்ல, டிரிப்ஸ் பாட்டில்ல இருக்கு. பாட்டிலைக் கழட்டிட்டா ராசியும் கழண்டுரும்" என்றாள். விருந்தாளிகள் சாம்பாரைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். அன்றோடு சரி.

இளையவள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரசவ வலி என்பது உடம்பு தானாகவே கொடுத்துக்கொள்ளும் ஆக்ஸிடோஸின் என்கிற சுரப்பின் சொட்டுதான். உடம்புக்கு அவசரம் கிடையாது. துளித் துளியாகக் கொடுக்கும், கர்ப்பப்பை இறுகும், பிறகு விடும், அந்த விடுகிற நேரத்தில்தான் உள்ளே இருக்கிற குழந்தை மூச்சு வாங்கிக்கொள்ளும். பாட்டிலில் வருகிற ஆக்ஸிடோஸினுக்கு அந்த நிதானம் தெரியாது. சொட்டின் வேகத்தைக் கூட்டுகிற திருகை அதிகமாகத் திருப்பினால் இறுக்கத்தின் மேல் இறுக்கம் ஏறும், குழந்தை திணறும். மணிக்கணக்கில் ஓடவிட்டால் கர்ப்பப்பைக்குக் காது மந்தமாகிவிடும். அப்புறம் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. இதையெல்லாம் மூத்தவளும் படித்தவள்தான். ஆனால் வராந்தாவில் சொந்தக்காரர்கள் "இன்னும் ஆகலையா?" என்று நிற்கும்போது அவள் கை தானாகத் திருகுக்குப் போகும். இளையவளின் கண்ணுக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது.

அவள் அப்படித்தான். யாரையும் அவளுக்குப் பிடிக்காது என்பதில்லை. யாரையும் மதிக்கத் தோன்றாது, அவ்வளவுதான். மாமனார் கல்லாப்பெட்டி. மாமியார் வாய்ப்பந்தல். மூத்த மைத்துனர் தலையாட்டி. கட்டிய புருஷன், கேட்டதற்கெல்லாம் "அக்காகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்கிற அப்பாவி. மனுஷர்களைப் பார்த்தவுடன் உள்ளுக்குள் ஒரு பட்டம் கட்டி ஓரமாக உட்கார வைத்துவிடுவாள். வேலையில் கெட்டிக்காரி என்பதால் யாரும் அவளைத் தட்டிக்கேட்டதில்லை. கெட்டிக்காரியைத் தட்டிக்கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வீடே சாட்சி.

சரி, பேசாமல் ஆபரேஷன் எப்படி நடந்தது? நடுவில் ஒரு சிஸ்டர் இருந்தாள். நோயாளியின் நெஞ்சுக்கு நேராகப் பச்சைத் துணித் திரை கட்டியிருக்கும். திரைக்கு அந்தப்பக்கம், வயிறும் காலும், மூத்தவள் ராஜ்ஜியம். இந்தப்பக்கம், தலையும் மூச்சும் மானிட்டரும், இளையவள் ராஜ்ஜியம். கர்ப்பப்பைக்கான ஊசிகள் அந்தப்பக்கத்துச் சொத்து, சிஸ்டர் தொடையில் போடுவாள். மற்ற எல்லா ஆஸ்பத்திரியிலும் அது மயக்க டாக்டரின் கையால் போகிற மருந்து. இங்கே எல்லை பிரித்தபோது அதுவும் பிரிந்துபோனது.

சிஸ்டர்தான் தபால். தபால் என்றால் பிரித்துப் படித்துத் திருத்திக் கொடுக்கிற தபால். "தையல் கிளாஸா நடக்குது அங்க? இன்னும் எவ்வளவு நேரமாம்?" என்று இளையவள் கேட்டால், சிஸ்டர் திரையைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மேடம், மரப்பு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்குமாம்" என்பாள். "அங்க தூங்கறது பேஷண்டா, டாக்டரா?" என்று மூத்தவள் கேட்டால், "மேடம், பேஷண்டுக்கு லேசா உணர்வு வருதாம்" என்பாள். இரண்டடி தூரத்தில் சொன்ன வார்த்தை இரண்டு பேர் காதிலும் முதலில் விழத்தான் செய்தது. விழாத மாதிரி இருந்து பழகி, நாளாவட்டத்தில் உண்மையிலேயே விழாமல் போயிற்று. முள்ளை எடுத்துவிட்டுக் கொடுத்துக் கொடுத்து சிஸ்டரும் அதில் கைதேர்ந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது சம்பளமும் நிம்மதியும். இளையவள் அவளுக்கு "சென்சார் போர்டு" என்று பட்டம் கட்டியிருந்தாள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நாத்தனார் பிரசவத்துக்கு வந்தாள்.

வீட்டின் கடைக்குட்டி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலையில் நிற்கிற பிள்ளையின் ஷூ கயிறு அவிழ்ந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. "வீட்டு ஆஸ்பத்திரி இருக்கும்போது வெளிய எதுக்கு? ரெண்டு அண்ணியும் டாக்டர், யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?" என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். கடைசி மாதத்தில் அவளுக்குப் பிரஷர் ஏறியது. மோதிரம் விரலில் இறுகிப்போய் கழற்ற முடியவில்லை, கால் வீங்கியது, சிறுநீரில் புரதம் போனது. மாத்திரைக்கு அடங்கியும் அடங்காமலும் இருந்தது. இந்த மாதிரி ரத்தக்கொதிப்புக்குக் குழந்தையை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. ஆகவே ஒருநாள் காலையில் மூத்தவள் ஆக்ஸிடோஸின் சொட்டை ஆரம்பித்தாள்.

வலி வந்ததும் இளையவள் போய் முதுகில் மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்து கொடுத்தாள். கச்சிதமான கை அவளுடையது. கொஞ்ச நேரத்தில் வலி மறைந்தது, கூடவே பிரஷரும் இறங்கியது. அந்த மருந்து இடுப்புக்குக் கீழே ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடும். தளர்ந்த குழாயில் அழுத்தம் இருக்காது. மானிட்டரில் பார்த்தால் நோயே இல்லாதவள் மாதிரி இருக்கும். நோய் அங்கேயேதான் இருக்கும்.

"சின்னண்ணி, உங்க கைதான் ராசியான கை" என்றாள் நாத்தனார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

இளையவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இதை இன்னொருத்தி கேட்டாளா என்று கதவுப்பக்கம் பார்த்தாள்.

மதியம் வரைக்கும் சொட்டு ஓடியது. மாமனார் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தார். மூன்று தடவையும் திருகு ஒரு சுற்று சுற்றியது. கடைசியில் இறுக்கம் விடாமல் வர ஆரம்பித்து, குழந்தையின் இதயத் துடிப்பு தடதடவென்று இறங்கவும் மூத்தவள் முகம் வெளுத்துச் சொட்டை நிறுத்தினாள். சிஸ்டர் இளையவளிடம் ஓடிவந்தாள். "மேடம், சிசேரியனாம். உடனே தியேட்டருக்கு வரணுமாம்."

"வருவேன்னு சொல்லு. காலையிலிருந்து பிழிஞ்சது போதும்னு தோணிருச்சாமா?"

சிஸ்டர் போய், "வர்றாங்க மேடம்" என்றாள்.

குழந்தை நல்லபடியாக வந்தது. பெண். வந்த வேகத்தில் தியேட்டரே அதிர அழுதது. நாத்தனார் விழித்துத்தான் இருந்தாள். முதுகு மரப்பில் வயிறு கீறினாலும் தெரியாது, கண்ணும் காதும் வேலை செய்யும். திரைக்கு மேலே குழந்தையைத் தூக்கிக் காட்டியபோது சிரித்தாள். நஞ்சுக்கொடியும் வந்தது. அதற்கப்புறம் இறுக வேண்டிய கர்ப்பப்பை இறுகவில்லை. காலையிலிருந்து கத்தலைக் கேட்டுக் களைத்துப்போன தசை, ஈரத்துணி மாதிரி கிடந்தது. இறுகாத கர்ப்பப்பை என்பது திறந்துவிட்ட குழாய். உறிஞ்சுகிற மெஷின் சளசளவென்று ரத்தத்தை இழுத்தது.

மூத்தவள் இரண்டு கையாலும் பிசைந்தாள். ஆக்ஸிடோஸின் இன்னும் கொடுக்கச் சொன்னாள், கர்ப்பப்பை கேட்கவில்லை. நாக்குக்கடியில் மாத்திரை வைக்கச் சொன்னாள். அது வேலை செய்ய நேரம் பிடிக்கும். மிச்சம் இரண்டு ஊசிகள். ஒன்று, ஆஸ்துமா இழுப்பு இருப்பவர்களுக்கு ஆகாது. நாத்தனாருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இன்னொன்று எர்கோமெட்ரின். அது கர்ப்பப்பையைப் பிடித்தால் உடும்புப்பிடி. ஆனால் அதற்குக் கர்ப்பப்பை எது, மற்ற ரத்தக்குழாய் எது என்று பேதம் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கும், பிரஷர் தாறுமாறாக ஏறும். ரத்தக்கொதிப்புக்காரிக்கு அதைப் போடக்கூடாது என்பது பிரசவம் படித்த எல்லாருக்கும் பாலபாடம்.

மூத்தவளுக்கும் தெரியும். அதனால்தான் கேட்டாள். "சிஸ்டர், எர்கோமெட்ரின் போடலாமான்னு கேளு. பிரஷர் எவ்வளவு, தாங்குமான்னு கேளு."

நியாயமான கேள்வி. பேச்சு நின்ற இந்த நாலு வருஷத்தில் அவள் கேட்ட கேள்விகளிலேயே மரியாதையான கேள்வி. குரல் நடுங்கியதால் இளையவள் காதிலும் விழுந்தது.

மானிட்டரில் அழுத்தம் அழகாக இருந்தது. அது பொய் என்று அந்த அறையில் நிச்சயமாகத் தெரிந்தவள் இளையவள் ஒருத்திதான். பாதி அவள் கொடுத்த மருந்து, பாதி போய்க்கொண்டிருக்கிற ரத்தம், இரண்டும் சேர்ந்து இறக்கி வைத்த எண் அது. "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை போதும். திரைக்கு மேலே தலையைத் தூக்கி, "அக்கா, வேண்டாம்" என்றால் இன்னும் நல்லது. ஆனால் அவளுக்குள் அந்த நேரத்தில் எழுந்தது பயம்கூட இல்லை, ஒரு கேவலமான சந்தோஷம். இத்தனை நாள் கைராசி, கைராசி என்றார்களே, இப்போது பாலபாடத்தை என்னிடம் வந்து கேட்கிறாள். நாத்தனாருக்கு ஏற்றிக்கொண்டிருந்த ரத்தப் பையை அழுத்திப் பிடித்தபடி, முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்:

"ஓ, தாராளமா போடச் சொல்லு. பிரஷர் நூத்தி இருபதுதானே, அவங்களுக்கு அது போதுமே. படிச்சுப் பட்டம் வாங்கினவங்க, போட்டுட்டு என்ன ஆகுதுன்னு அவங்களே பாக்கட்டும்."

சொல்லிவிட்டு ரத்தப் பையை மாற்றக் குனிந்துகொண்டாள். கிண்டல் புரியாத அளவுக்கு யாரும் முட்டாளாக இருக்க முடியாது என்று நினைத்தாள். எல்லாரையும் முட்டாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், அந்த ஒரு நிமிஷம் மட்டும் எல்லாருக்கும் புத்தி இருக்கும் என்று நம்பினாள்.

சிஸ்டர் வழக்கப்படி முள்ளை எடுத்தாள். ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருக்க, குழந்தை ஒருபக்கம் அலற, முள்ளோடு சேர்ந்து என்ன போகிறது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. திரைக்கு அந்தப்பக்கம் சொன்னாள்: "போடச் சொல்றாங்க மேடம். பிரஷர் நூத்தி இருபதாம்."

ஊசி தொடையில் இறங்கியது.

கர்ப்பப்பை இறுகியது. ரத்தம் நின்றது. மூத்தவள் "அப்பாடா" என்று மூச்சு விட்டாள். இந்தப்பக்கம் மானிட்டர் கூவ ஆரம்பித்தது. நூற்று இருபது நூற்று அறுபதாயிற்று. இளையவள் கைப்பட்டையைச் சரிசெய்து மறுபடி அளந்தாள். இருநூறு.

"என்ன போட்டீங்க?" என்று கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்துகிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"சின்னண்ணி, தலை வெடிக்குது" என்றாள் நாத்தனார். "கண்ணுல மின்னல் மின்னலா வருது. பாப்பா எங்க? எனக்குத் தெரியல." அதற்குள் வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. உடம்பு விறைத்து, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும், அடுத்து வந்த நேரத்தில் இளையவள் தன் வேலையை அப்பழுக்கில்லாமல் செய்தாள். வலிப்பை அடக்கினாள். அது திரும்ப வராமலிருக்க மெக்னீசியம் ஏற்றினாள். பிரஷரை மருந்தால் படிப்படியாகக் கீழே கொண்டுவந்தாள். ஒரேயடியாக இறக்கினால் மூளைக்கு ரத்தம் போகாது என்று நிதானமாக இறக்கினாள். நாத்தனார் பிழைத்தாள். சண்டாளி, இவ்வளவு தெரிந்தவள், ஒரு வார்த்தையைத் திருத்தமாகச் சொல்லத் தெரியாமல் போனாள்.

கை கழுவுகிற இடத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மூத்தவளின் கையுறையில் இன்னும் ரத்தம். அவள்தான் முதலில் பேசினாள், சிஸ்டர் இல்லாமல், நேராக.

"நீதானே போடச் சொன்ன?"

"கிண்டலுக்குச் சொன்னா போட்டுருவீங்களா? டாக்டர்தானே நீங்க?" பழக்கதோஷம், அப்போதும் வாய் அப்படித்தான் வந்தது.

"நான் கேட்டேனே. தாங்குமான்னு மரியாதையாத்தானே கேட்டேன். மானிட்டர் உன் பக்கம்தானே இருக்கு." மூத்தவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட இளையவளுக்கு வசதியாக இருந்திருக்கும், அதற்கும் ஒரு பட்டம் கட்டியிருப்பாள். "எனக்கு உன்னைக் கண்டா ஆகாது. ஆனா உன் வேலையை நான் நம்பினேன். நீ போடலாம்னு சொன்னா போடலாம்னுதான் அர்த்தம்னு நெனச்சேன்."

இளையவள் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவள் மதிக்காத ஓரகத்தி அவளை மதித்திருக்கிறாள். அந்த மதிப்பை நம்பித்தான் ஊசி இறங்கியிருக்கிறது. 

மறுநாள் காலையில் நாத்தனாருக்கு நன்றாக நினைவு வந்திருந்தது. கை கால் அசைந்தது, பேச்சு சரியாக இருந்தது. ஏறிய பிரஷர் மூளையைத் தாக்கியதில் பார்வைதான் சரியில்லை. இடது பக்கமிருந்து வருகிறவர்கள் நேர் எதிரே வந்த பிறகுதான் தெரிந்தார்கள். குழந்தையை அந்தப்பக்கம் படுக்க வைத்தபோது, கையால் தடவிப் பார்த்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். பார்வை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று போனில் கேட்டபோது நரம்பு டாக்டர் சொல்லியிருந்தார். மாமியார் கட்டில் காலடியில் உட்கார்ந்து, "ரெண்டு அண்ணியும் சேர்ந்து உன்னை எமன்கிட்டருந்து மீட்டுட்டாங்கடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊருக்குச் சொல்வதற்கான ஒத்திகை அது.

நாத்தனார் வாசலில் நின்ற தன் புருஷனைப் பார்த்து, "ஆம்புலன்ஸ் வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"எதுக்குடி ஆம்புலன்ஸ்?" என்றாள் மாமியார்.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போறோம்மா."

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்கயா? இந்தக் கட்டடத்துல பொறந்து வளர்ந்தவ அங்க போய் வராந்தாவுல படுப்பியா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்மா. அங்க டாக்டருங்களும் பேசிப்பாங்களாம். அது போதும் எனக்கு."

சத்தம் கேட்டு ஓரகத்திகள் இரண்டு பேரும் வந்தார்கள், வாசலில் இடித்துக்கொண்டு. அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்து, அவளை மாற்றிப் படுக்கவைத்துவிட்டார்கள். குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். இளையவள் கிட்டே போய்க் குனிந்தாள். ராத்திரி பூராவும் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். "இங்க பாரும்மா, நான் அதை நெசமா சொல்லல. உனக்கே தெரியுமில்ல, நான் பேசற விதம்..."

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். காலில் ஒட்டிய சேற்றைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அப்படிப் பார்ப்பது இத்தனை நாள் இளையவளுடைய சொத்தாக இருந்தது. இப்போதுதான் முதல் தடவையாக அது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் டிரிப்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற சிஸ்டரைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், எங்க அண்ணிங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிடுங்க. நேத்து நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தப்பக்கம் சொன்னதும் கேட்டுது, அந்தப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் கேட்டுது. வேணாம்னு கத்தறதுக்கு, எது சரி எது தப்புன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு டாக்டர் இருக்காங்களேன்னு சும்மா படுத்திருந்தேன். என் பொண்ணைப் பாக்க அவங்க ரெண்டு பேரும் வரக்கூடாது. இதுல எதையும் எடுத்துட்டுச் சொல்லாதீங்க, அப்படியே சொல்லுங்க."

சிஸ்டர் இரண்டு டாக்டரம்மாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பழக்கத்தில் வாயைத் திறந்தவள், டிரிப்ஸ் பாட்டிலை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். ஸ்ட்ரெச்சர்க்காரர், "தள்ளுங்கம்மா, வழியை விடுங்க" என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். நடுவில் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.